ஒன்பதாம் வீட்டு ஆணி

தகரக் கூரை வீடுகள் வரிசையாக நின்ற அந்தத் தெருவுக்குத் தகர வரிசை என்று பேர். அங்கே அவளைப் பெட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெட்டி என்றால் நகைப்பெட்டியும் இல்லை, துணிப்பெட்டியும் இல்லை. தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று. சுவரில் ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அறைக்குள் எத்தனை சூடு என்று தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு வாய் இல்லை, கண் இல்லை, மறதியும் இல்லை. அந்த மறதி இல்லாத பண்டம்தான் பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது.

அதற்கு முன்னால் ஆறு வருஷமாக அவள் ஓர் அச்சகத்தில் தாள் மடித்துப் பின் அடிக்கிற வேலை பார்த்துவந்தாள். அச்சகத்துக்கு மேல் மாடியில் நான்கு மேஜை, இரண்டு மின்விசிறி, எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கிற ஒரு குழாய். அது ஓர் ஆய்வுக் குழுவின் அலுவலகம். மின்சாரம் எங்கே உண்டாகிறது, யாருக்குப் போகிறது, யாருக்கு நிற்கிறது, அதனால் காற்று எவ்வளவு கெடுகிறது, வெயில் எவ்வளவு ஏறுகிறது என்றெல்லாம் அளந்து பார்த்துப் புத்தகம் போடுகிறவர்கள். அவர்கள் அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. மின்வாரியத்திடமும் கை நீட்டமாட்டார்கள், சூரியத் தகடு விற்கிறவனிடமும் கை நீட்டமாட்டார்கள். அதனால் அவர்கள் பேசினால் இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்கும். கேட்டுவிட்டு இரண்டு பக்கமும் திட்டும்.

அச்சக மேனேஜருக்கு அவர்களைக் கண்டால் கேலி. "இவங்களே எழுதி இவங்களே படிச்சுக்குவாங்க. அவங்க சமைச்சு அவங்களே சாப்பிடற மாதிரி" என்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒருநாள் டீக்கடை டிவியில், சபையில் ஒருவர் எழுந்து நின்று ஒரு நீல அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி மந்திரியைக் கேள்வி கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, அது நான் அடிச்ச பின்னு! மேல் பின்னு கொஞ்சம் கோணலா இருக்கு பாருங்க!" என்று கடைக்காரரிடம் கத்தினாள். அன்றிலிருந்து அவளுக்கு மாடிக்காரர்கள் மேல் ஒரு மரியாதை. பின்னைக்கூட நேராக அடிக்க ஆரம்பித்தாள்.

குழுவின் தலைவியை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். ஜுரம் என்று போனால் மாத்திரை தரமாட்டார். உன் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பார். அந்த டாக்டரம்மா ஒருநாள் படியிறங்கி வந்து, "நீங்க அந்தத் தகர வரிசையிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். பகலெல்லாம் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டும். பொழுது சாய்ந்தால் அவை படுத்துவிடும். ஊர் முழுக்க விளக்கும் விசிறியும் ஏசியும் போடுவது அந்த நேரம் பார்த்துத்தான். புகை கக்கிய பழைய நிலக்கரி உலை ஒன்றை மூடியாயிற்று. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற புது பேட்டரிகள் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் விழுந்த பள்ளத்தை யார் தலையில் கட்டுவது? வாரியம் தகர வரிசைகளின் தலையில் கட்டியது. வெயில் காலம் முழுக்கத் தினமும் சாயங்காலம் ஏழு முதல் ஒன்பது வரை அங்கே கரண்ட் கிடையாது. கேட்டால், "பொழுது போனா தகரம் தானா ஆறிடும், அவங்களுக்குப் பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும்.

உலையை மூடியதே தப்பு என்று ஒரு கூட்டம் கூச்சல் போட்டது. வரிசைக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்றது இன்னொரு கூட்டம். டாக்டரம்மா இரண்டிலும் சேரவில்லை. "உலைய மூடினது சரிதான். ஆனா மூடினதோட பாரத்த ஒரே முதுகுல ஏத்தக் கூடாது. எல்லாத் தெருவும் பத்துப் பத்து நிமிஷம் பங்கு போட்டுக்கட்டும். அதுக்கு முன்னாடி, தகரம் ஆறுதா இல்லையான்னு யாராவது அளந்து பாத்தாங்களா? நாம அளப்போம்" என்றார்.

வரிசையில் இருபத்துநான்கு வீடு. அதில் பன்னிரண்டை மேலே மாடியில் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெட்டிகளை மாட்டி, வாரம் ஒருமுறை பார்த்து, தாளில் குறித்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். "யாராவது பெட்டி வேண்டாம்னு சொன்னா உடனே எங்ககிட்டச் சொல்லுங்க. வேற சீட்டு எடுப்போம்" என்றார் டாக்டரம்மா.

அவளுக்குச் சுருக்கென்றது. "என் வரிசையில எனக்கு எவன் முடியாதுன்னு சொல்லுவான்? பன்னெண்டு இல்ல, இருபத்திநாலு கொடுங்க, மாட்டிட்டு வரேன்" என்று மார்தட்டினாள். அந்த ஒரு வாய்ச்சொல்லில் பிடித்தது சனி.

பதினொரு வீட்டில் அவள் சொன்னபடியே நடந்தது. முறை என்னவோ அப்படியே மாட்டினாள்: நெஞ்சு உயரம், அடுப்புக்கு மூன்று தப்படி தள்ளி, ஜன்னல் வெயில் படாத சுவர். இருபதாம் வீடு அவளுடைய நாத்தனார் வீடு. அங்கேதான் மாமனாரும் இருந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடந்தவர். சாயங்காலம் விசிறி நின்றதும் நாத்தனார் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்காருவாள். ஒன்பது மணி வரை விசிறுவாள். கிழவருக்கு வாய் மட்டும் விழவில்லை. "வாரியக்காரன் புண்ணியத்துல எனக்கு அட்டை வீசற ராஜ யோகம்" என்பார். சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார்.

ஒன்பதாம் வீடு தையல்காரருடையது. அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார்.

"இது ஒட்டுக்கேக்குமா?"

"கேக்காதுண்ணே. சூட்டை மட்டும்தான் பாக்கும்."

"சூட்டை நான் பாத்துச் சொல்றேனே. சூடா இருக்கு. எழுதிக்கோ. என் வீட்டுச் சுவத்துல என்னைக் கேக்காத கண்ணு எதுக்கு? எடுத்துட்டுப் போம்மா."

கெஞ்சினாள், அதட்டினாள், அவர் மனைவியிடம் சொல்லிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. மாடிக்குப் போய், "ஒரு வீடு முடியாதுன்னு சொல்லிடுச்சு" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது காரியம். ஆனால் மார்தட்டிய கை அது. இரண்டு நாளில் இளகிவிடுவார், அதுவரை பெட்டி சும்மா கிடக்க வேண்டாமே என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் வீடு பதினைந்தாம் எண்; சீட்டில் வரவும் இல்லை, வந்தாலும் பெட்டி மாட்டுகிறவள் வீடு சேர்த்தி இல்லை. ஒரே அறை. சுவரில் இருந்தது ஒரே ஓர் ஆணி, காலண்டர் ஆணி. அடுப்புக்கு நேர் மேலே. காலண்டரைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினாள். தாளில் "ஒன்பதாம் வீடு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. தையல்காரர் இளகவில்லை. நான்கு நாள் நாற்பது நாளாயிற்று. நடுவில் எத்தனையோ தரம் கழற்றிவிடலாம் என்று கை நீட்டினாள். கழற்றினால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பார்களே! ஒரு பொய்க்குக் குடை பிடிக்க இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது. மழை என்னவோ நிற்பதில்லை.

பெட்டிகளைக் கழற்றி மாடியில் கொடுத்து ஒரு வாரம் இருக்கும். மேஜையில் உட்கார்ந்து கோடு கோடாகப் படம் போடுகிற ஓர் இளைஞன் அங்கே உண்டு. கோடு தம்பி என்று கூப்பிடுவார்கள். அவன் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். பதினொரு கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சாதுவாகக் கிடந்தன. ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் தினமும் சாயங்காலம் படம் எடுக்கிற பாம்பு மாதிரி தலை தூக்கியது.

"அக்கா, ஒன்பதாம் வீடு பாருங்க! மத்த வீட்ல எல்லாம் எட்டு மணிக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. இங்க நாப்பத்திரண்டு! தையல்காரர் எப்படித்தான் உசுரோட இருக்காரோ!"

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அது சூட்டின் கோடு இல்லை, அவளுடைய சமையல். ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தது, பருப்பு வேகாமல் ஒருநாள் ஒன்பதரை வரை இழுத்தது, உடம்பு முடியாமல் கஞ்சி மட்டும் வைத்து இறக்கிய செவ்வாய்க்கிழமை, எல்லாம் அங்கே இருந்தன. அவள் மறந்துபோனதைக்கூடப் பெட்டி மறக்கவில்லை.

"ஆனா ஒண்ணுதான் புரியலக்கா. பதினாலாந்தேதி மட்டும் கோடு ஏறவே இல்ல. அன்னிக்கு என்ன?"

பதினான்காம் தேதி அவர்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அடுப்பே மூட்டவில்லை.

"அன்னிக்கு... தையல்காரர் வெளியூர் போயிருந்தாரு தம்பி. வீடு பூட்டிக் கிடந்துச்சு."

"அதான் பாத்தேன்" என்று அவன் சந்தோஷமாக எழுதிக்கொண்டான். நல்ல பையன். அவள் சொன்னதை அப்படியே நம்பினான். அவன் நம்பியதுதான் அவளைத் தைத்தது. "பொய் சொல்லாதீங்கக்கா" என்று அவன் முறைத்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

புத்தகம் அச்சாயிற்று. இந்தத் தடவையும் பின் அடித்தது அவள்தான். "இரவு எட்டு மணிக்கு முப்பத்தைந்து முதல் நாற்பத்திரண்டு டிகிரி வரை" என்று அடக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு முப்பத்தைந்து எதற்கு? "நாற்பத்திரண்டு டிகிரியில் வேகும் ஒன்பதாம் எண் வீடு" என்று கொட்டை எழுத்தில் போட்டான். டிவியில் இரண்டு பேர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்தினார்கள். மின் ஆணையம் பொது விசாரணைக்கு நாள் குறித்தது. அடுத்த வெயில் காலத்தில் தகர வரிசைக்குச் சாயங்காலக் கரண்ட் உண்டா இல்லையா என்பது அன்றைக்கு முடிவாகும்.

வரிசையில் ஒரே குதூகலம். நாத்தனார் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீ மட்டும் இல்லைன்னா இது நடக்குமா? அப்பாவுக்கு அடுத்த வெயில்ல விசிறி ஓடும். எனக்கு இந்தத் தோள்பட்டை வலி போகும்."

கட்டிலில் இருந்து கிழவர், "மருமக பெட்டி மாட்டினா, வாரியக்காரன் மாட்டிக்கிட்டான்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரித்த வாய் கோணிக்கொண்டு போனது.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தெருமுனையில் அவளை நிறுத்தினார். "என் வீட்ல பெட்டியே இல்ல. பேப்பர்ல என் வீட்டு நம்பர் எப்படி வந்துச்சு? துணி கொடுக்க வரவங்க எல்லாம், 'உங்க வீட்ல துணி தானா இஸ்திரி ஆயிடுமாமே'ன்னு கேலி பண்றாங்க." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வரிசைக்கு நல்லது நடக்கறத நான் கெடுக்கமாட்டேன். வாய மூடிக்கிறேன். ஆனா உன் மூஞ்சியப் பாத்து இனிமே பேசமாட்டேன், போ."

அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

சோறு இறங்கவில்லை அவளுக்கு. அடுப்பு மூட்டினாலே ஆணி கண்ணில் படும். காலண்டரைத் திரும்ப மாட்டி மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆணி மறைந்தது, அது இருக்கிற இடம் மறையவில்லை. கணவன் கடைசல் பட்டறைக்காரன், நூலளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிப் போடுகிறவன். அவனிடம் சொன்னாள்.

"அட, இதுக்கா முகத்த தூக்கி வெச்சிருக்க?" என்றான் அவன். "ஊரே பொய்யில ஓடுது. நீ நல்லதுக்குத்தானே சொன்ன? எங்கப்பனுக்கு விசிறி ஓடும். பேசாம இரு."

"உங்க பட்டறையில அளவுகோலே தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அளவுகோல மாத்துவேன்."

"அதுக்கு முன்னாடி அதுல அளந்த சாமானெல்லாம்?"

அவன் நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தான். "சொன்னா கேஸ் தோத்துடும்டீ. அப்பா இன்னொரு வெயில் தாங்குவாரா?" என்றான். அதுதான் கேள்வி. இருபது நாளாக அவள் நெஞ்சுக்குள் கிடந்து அரித்த கேள்வியும் அதுதான். சொன்னால் கிழவரின் விசிறி நிற்கும். சொல்லாவிட்டால், ஆறு வருஷம் தன் கையால் பின் அடித்த அத்தனை நீலப் புத்தகங்களுக்கும் நடுவில் ஒரு புழுவை வைத்து அடித்தவள் ஆவாள்.

விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம் மாடிக்குப் போனாள். டாக்டரம்மாவும் கோடு தம்பியும் கட்டுக் கட்டாகத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நின்றபடியே சொல்லி முடித்தாள். அடுப்பு, காலண்டர் ஆணி, பதினான்காம் தேதிக் கல்யாணம், மார்தட்டியது, எல்லாமே.

கோடு தம்பியின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, நான் கேட்டேனேக்கா..." என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

டாக்டரம்மா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "மத்த பதினொண்ணு?"

"சத்தியமா முறைப்படிதான் மாட்டினேன் டாக்டரம்மா. என் மாமனார் மேல சத்தியம்..."

"சத்தியம் வேண்டாம். ஆணியக் காட்டுங்க."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மூவரும் தகர வரிசைக்குப் போனார்கள். வீடு வீடாக, ஆணி ஆணியாக. தரையிலிருந்து ஆணிக்கு எவ்வளவு, அடுப்பிலிருந்து எவ்வளவு, ஜன்னல் எங்கே? ஆணி பிடுங்கியிருந்த வீட்டில் ஓட்டையைத் தேடினார்கள். வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நாற்காலி துடைத்துப் போட்டார்கள். "எங்க பெட்டியக்கா கெட்டிக்காரி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டாங்க" என்று நான்காம் வீட்டுக்காரி சாட்சி சொன்னாள். பெட்டியக்கா தரையைப் பார்த்தாள். நாடாவின் மறுமுனை அவள் கையில்தான் இருந்தது.

பதினொன்றும் சரியாக இருந்தன. பதினைந்தாம் வீட்டில் டாக்டரம்மா தானே காலண்டரைத் தூக்கி அந்த ஆணியைப் பார்த்தார். கீழே அடுப்பைப் பார்த்தார். காலண்டரை மெதுவாக இறக்கிவிட்டார்.

"நாளைக்கு நானே எழுந்து சொல்லப் போறேன். அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லணும். நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல."

"வரேன்" என்றாள். பிடிவாதக்காரி, மார்தட்டவும் தெரியும், தலைகுனியவும் தெரியும்.

விசாரணை நடந்தது ஒரு பெரிய கூடத்தில். முன்னால் ஆணையத் தலைவர். ஒரு பக்கம் வாரியத்துப் பொறியாளர், எதிர்ப்பக்கம் டாக்டரம்மா. பின் வரிசை முழுக்கத் தகர வரிசை ஜனம். நாத்தனார் புதுப் புடவையில் வந்திருந்தாள். டாக்டரம்மா எழுந்தார். "எங்க புத்தகத்துல ஒரு எண் தப்பு. ஒன்பதாம் வீட்டுப் பெட்டி அந்த வீட்லயே இல்ல. வேற வீட்ல அடுப்புக்கு மேல இருந்திருக்கு. நாப்பத்திரண்ட திரும்ப வாங்கிக்கிறோம். தப்பு எங்களோடது. மத்த பதினோரு வீட்லயும் ஆணி சரியான இடத்துல இருக்கான்னு நேத்து அளந்து பாத்தோம். முப்பத்தஞ்சும் முப்பத்தாறும் அப்படியே நிக்குது. விசிறி இல்லாத முப்பத்தாறு, பத்துக்குப் பத்து அறையில, ஆறு பேரோட."

பொறியாளர் கெட்டவர் இல்லை. ஆனால் கிடைத்த பிடியை விடுகிறவரும் இல்லை. எழுந்து, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒண்ணு பொய்னா பன்னெண்டும் பொய்தான்" என்றார்.

"அந்த ஒரு சோறு இந்தப் பானையிலயே வேகலைன்னுதான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. சிலர் சிரித்தார்கள். சிரிப்பால் என்ன ஆகும்? ஆணையத் தலைவர் வெகுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார்: வரும் வெயில் காலத்தில் வாரியமும் ஆய்வுக் குழுவும் சேர்ந்து, இரண்டு பேர் முத்திரையோடு மறுபடி அளக்க வேண்டும். அதுவரை சாயங்கால நிறுத்தம் இப்போது இருப்பதுபோலவே இருக்கும்.

ஒரு முழு வெயில் காலம். அவளால் போயிற்று.

வெளியே வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். "வேற வீடுன்னாங்களே. யார் வீடு அண்ணி?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டாள்.

"என் வீடு."

நாத்தனாரின் வலது கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. அதை மட்டும் பெட்டியக்கா பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு யார் என்ன திட்டினாலும் அவளுக்கு உறைக்கவில்லை. திட்டினார்கள். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று பாதிப் பேர். "ஒழுங்கா மாட்டியிருந்தா அப்பவே ஜெயிச்சிருப்போம்" என்று மீதிப் பேர். இரண்டும் அவளுக்கு உண்மையாகவே பட்டன.

வெயில் வந்தது. மாடியில் அவளைப் பெட்டி வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் தாளில் எழுதுகிற வேலையும் கையெழுத்தும் இப்போது அவளுக்கு இல்லை. வாரியத்து ஆள் ஒருவரும் கோடு தம்பியும் எழுதினார்கள். அவர்கள் உட்கார்ந்து எழுத அவள் ஸ்டூல் தூக்கினாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் பட்டது. ஒன்பதாம் வீட்டு வாசலில் அவள் வெளியிலேயே நின்றாள். உள்ளே தையல்காரர் சொல்வது கேட்டது: "பெட்டி மாட்டலாம். ஆனா ஆணிய நான்தான் அடிப்பேன். என் வீட்டுச் சூட்ட இந்தத் தடவ நானே சொல்றேன்." சுத்தியல் சத்தம் நான்கு தரம் கேட்டது. வெளியே வந்தவர் அவளைப் பார்க்காமலே, "ஸ்டூலு கால் ஆடுது, பாத்துத் தூக்கு" என்றார். ஒரு வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

அந்தக் கோடை முழுக்க, சாயங்காலம் ஏழு அடித்துக் கரண்ட் போனால் அவள் இருபதாம் வீட்டுக்குப் போய்விடுவாள். நாத்தனார் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொள்வாள். முதல் வாரம் நாத்தனார் தரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாள். அவள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து தன் முந்தானையால் விசிறினாள். எட்டாம் நாள் அட்டை தானாகக் கைமாறியது.

கிழவருக்கு மூச்சு முன்னைவிட இழுத்தது. பேச்சும் குறைந்துவிட்டது. ஒருநாள் கேட்டார். "ஏம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா?"

"விசிறி ஓடிக்கிட்டு இருக்கும் மாமா."

"ம்." கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் வேகமா வீசு" என்றார். மன்னித்தாரா, கேலி பண்ணினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வேகமாக வீசினாள்.

வாரக் கடைசியில் கோடு தம்பியும் வாரியத்து ஆளும் பெட்டி பார்க்க அந்த வீட்டுக்கு வந்தார்கள். அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். இந்த அறையில தினமும் ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் கையால விசிறறோம். பெட்டி இருக்கற சுவரு பக்கத்துலதான். அதனால சூடு கூடுமோ குறையுமோ எனக்குத் தெரியாது. எழுதாம விட்டுடாதீங்க."

வாரியத்து ஆள் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் ரெண்டு மணி நேரமா? கையாலயா?" அவர் தாளைப் புரட்டினார். சூட்டுக்கு இடம் இருந்தது, நேரத்துக்கு இடம் இருந்தது, இதற்கு இடம் இல்லை. ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் பேனாவை வைத்தார். "யாரு விசிறறது? எத்தனை நாளா?"

அவளுக்கு நாள் தெரியும். ஒரு நாள் விடாமல் தெரியும். வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"என்னைக் கேட்டு எழுதாதீங்க" என்றாள். "அதோ, என் நாத்தனாரக் கேளுங்க."

நாத்தனார் அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.